கப் ஜெயிச்ச டீம், காணாம போன கிளப்: சென்னை சிட்டி எஃப்.சி. கதையும் உங்க சம்பளமும்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், மார்ச் மாசம் லீவு போடுறதும் கல்யாண வீட்டுல பந்தி நேரத்துல சமையல் மாஸ்டர் லீவு போடுறதும் ஒண்ணுதான். ஆனா அன்னைக்குக் காலையில நான் ராஜபாளையத்துல பஸ் ஏறிட்டேன். காரணம் என் சித்தி பையன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், கோயம்புத்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில அப்பதான் சேர்ந்திருந்தான். "அண்ணே, நம்ம தமிழ்நாட்டு டீம் ஐ-லீக் கப் ஜெயிக்கப் போகுது. இதை விட்டுட்டு யார் பேலன்ஸ் ஷீட்டைக் கட்டிக்கிட்டு அழப் போறீங்க?"ன்னு போன் பண்ணிட்டான். வழியில ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல சித்தி நீட்டின பால்கோவா டப்பாவை ஜன்னல் வழியா வாங்கிக்கிட்டு, மதுரை, திண்டுக்கல்னு மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி.க்கும் மினர்வா பஞ்சாப்புக்கும் சீசனோட கடைசி மேட்ச். சென்னை சிட்டி 40 பாயிண்ட், கொல்கத்தாவோட ஈஸ்ட் பெங்கால் 39. அதே நேரத்துல அவங்க கோழிக்கோட்டுல கோகுலம் கேரளாவோட ஆடுறாங்க. இங்க ஆரம்பிச்ச சில நிமிஷத்துலேயே மினர்வா கோல் போட்டுட்டாங்க. ஸ்டேடியமே கப்சிப். ரெண்டாவது பாதியில பெட்ரோ மான்சி ஒரு பெனால்டி அடிச்சு சமன் பண்ணாரு. அப்புறம் டிஃபெண்டர் கௌரவ் போரா ரெண்டு கோல். 3-1. அங்க ஈஸ்ட் பெங்காலும் 2-1னு ஜெயிச்சிடுச்சு, ஆனா பிரயோஜனம் இல்லை. 43-42. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல தமிழ்நாட்டுக்கு முதல் ஐ-லீக் கப்.

தம்பி என் தோளைப் பிடிச்சு உலுக்கி உலுக்கிக் கத்தினான். அவன் வாங்கின ஜெர்சி இன்னும் அவன்கிட்ட இருக்கு. அந்த கிளப்தான் இல்லை. 2021-22 சீசன்ல ஐ-லீக்ல அதோட பேரே கிடையாது. கப் ஜெயிச்சு மூணு வருஷம்கூட முடியலை.

பர்சனல் ஃபைனான்ஸ் பிளாக்ல எதுக்கு ஃபுட்பால்னு கேட்பீங்க. நம்ம வாசகர்கள்ல பெரும்பாலானவங்க மாசச் சம்பளக்காரங்க. "கம்பெனி நல்லா போகுது சார், அவார்டு வாங்கியிருக்கு, ஃபண்டிங் வந்திருக்கு, தைரியமா லோன் எடுக்கலாம்தானே?"ன்னு வாரத்துக்கு ஒரு மெயிலாவது எனக்கு வருது. ஒரு கம்பெனி ஜெயிக்கிறதும், அந்தக் கம்பெனிக்கு நாளைக்குப் பணம் வர்றதும் வேற வேற கணக்கு. அதை இந்த கிளப் கதையை விடத் தெளிவா காட்டுற ஒண்ணை நான் பார்த்ததில்லை.

சரி, கிளப் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். இதோட வேர் 1946-ல சென்னையில ஆரம்பிச்ச நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். பல வருஷம் சென்னை லீக்ல ஆடிக்கிட்டிருந்த டீம். ரோஹித் ரமேஷ் உரிமையாளரா இருந்த காலத்துல, சென்னை சிட்டி எஃப்.சி.ங்கிற பேர்ல, 2016-17 சீசன்ல நேரடியா ஐ-லீக்ல இடம் கிடைச்சது. மினர்வா பஞ்சாப்பும் அதே சீசன்லதான் உள்ள வந்தது. இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும். முதல் ரெண்டு சீசனும் பட்டியலோட கீழ்ப்பாதிதான். இடையில சென்னையில இருந்து கோயம்புத்தூருக்கு வீட்டை மாத்தினாங்க. பேர்ல சென்னை, ஊரு கோயம்புத்தூர். ஜி.எஸ்.டி. ரெஜிஸ்ட்ரேஷன்ல இந்த மாதிரி அட்ரஸ் குழப்பத்தை நான் தினமும் பார்க்கிறேன், அதனால எனக்கு ஆச்சரியமா இல்லை.

2018-19-ல எல்லாம் மாறுது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவான்னு ஸ்பெயின்ல ஆடிக்கிட்டிருந்த நாலு பேர். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம தமிழ்நாட்டுப் பசங்க. ஸ்பெயின்ல பெரிய லீக்ல பேர் வாங்காத, ஆனா பந்தைக் காலை விட்டுக் கொடுக்காத ஆளுங்களைத் தேடிப் பிடிச்ச டீம். மான்சி மட்டும் 21 கோல். இதுக்கு நடுவுல, சீசன் ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்னொரு செய்தி: சுவிட்சர்லாந்தோட பெரிய கிளப் எஃப்.சி. பாசல், சென்னை சிட்டியில 26 சதவீதப் பங்கு வாங்குது.

இந்த 26-ஐக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். ஏன் 25 இல்லை, ஏன் 30 இல்லை? நம்ம கம்பெனிச் சட்டத்துல முக்கியமான முடிவுகளுக்கு ஸ்பெஷல் ரெசல்யூஷன் வேணும். எதிர்த்து விழுந்த ஓட்டைப் போல மூணு மடங்கு ஆதரவு, அதாவது 75 சதவீதம். அப்போ 25-ஐத் தாண்டி ஒருத்தர் கையில இருந்தா, அவர் சம்மதிக்காம கம்பெனியோட விதிகளை மாத்த முடியாது. நடத்துற பொறுப்பு இல்லாம தடுக்கிற அதிகாரம் வர்ற இடம் இது. அதனாலதான் இந்தியாவுல வெளிநாட்டு முதலீட்டுச் செய்திகள்ல 26 அடிக்கடி வருது. பாசல் மனசுல என்ன இருந்ததுன்னு நான் சொல்லலை. நம்பருக்குப் பின்னாடி இருக்கிற சட்டத்தைச் சொல்றேன்.

உங்க கம்பெனியில "இன்வெஸ்டர் வந்தாச்சு"ன்னு கேக் வெட்டும்போது இன்னொரு கேள்வியும் இருக்கு. அந்தப் பணம் கம்பெனி அக்கவுண்டுக்கு வந்துச்சா, இல்லை பழைய பங்குதாரர் பாக்கெட்டுக்குப் போச்சா? புதுசா ஷேர் வெளியிட்டா கம்பெனிக்குள்ள காசு வரும். இருக்கிற ஷேரை ஒருத்தர் இன்னொருத்தருக்கு வித்தா, கம்பெனி பேங்க் பேலன்ஸ்ல ஒரு ரூபாய்கூட ஏறாது. ரெண்டுக்கும் தலைப்புச் செய்தி ஒண்ணுதான்.

சரி, கப் ஜெயிச்சாச்சு. பரிசு 1 கோடி ரூபாய். பெருசா தெரியுதா? ஒரு சீசனுக்கு வெளிநாட்டு வீரர்கள், உள்நாட்டு வீரர்கள், கோச், பிசியோ, ஹோட்டல், ஸ்ரீநகர்ல இருந்து ஐஸ்வால் வரைக்கும் ஃப்ளைட் டிக்கெட்டுன்னு எழுதிப் பாருங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ஒரு ஆள் வடம் பிடிச்ச மாதிரிதான் அந்த 1 கோடி.

அப்போ வருமானம் எங்கிருந்து வரணும்? உலகம் பூரா ஃபுட்பால் கிளப்புக்கு மூணு நாலு வழிதான்: டிக்கெட், ஸ்பான்சர், டிவி உரிமை, வீரர்களை விக்கிறது. இதுல டிவி கிளப் கையில இல்லை. அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம் 2010-லேயே தன்னோட வணிக உரிமைகளை 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி. - ரிலையன்ஸ் கிட்ட கொடுத்திருச்சு. அந்த ஒப்பந்தத்துல இருந்து பிறந்ததுதான் 2014-ல வந்த ஐ.எஸ்.எல். சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் நட்சத்திரங்கள், பிரைம் டைம் எல்லாம் அங்க. ஐ-லீக் பேருக்குப் பழைய முதல் லீக், காசுக்கு ரெண்டாவது லீக். சென்னை சிட்டி ஜெயிச்ச அதே சீசனோட பிற்பகுதியில ஐ-லீக் மேட்ச் பலதை டிவியில காட்டவே இல்லை. டிவியில வராத மேட்சுக்கு எந்த ஸ்பான்சர் சட்டையில பேர் போடுவான்?

எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். வேற நாட்டுல சின்ன லீக்ல ஜெயிச்சா பெரிய லீக்குக்குப் போகலாம். அந்த ஒரு நம்பிக்கையிலதான் முதலாளிங்க நஷ்டத்தைத் தாங்குவாங்க. 2019-ல ஐ-லீக்ல ஜெயிச்சா ஐ.எஸ்.எல்.லுக்குப் போக முடியாது. அங்க போக ஒரே வழி, ஏலத்துல கோடிக்கணக்குல கட்டணம் கட்டி இடம் வாங்கறது. ஆட்டத்துல குறையில்லைன்னு சென்னை சிட்டி ஒரே மாசத்துல காட்டிருச்சு. ஏப்ரல்ல புவனேஸ்வர்ல நடந்த சூப்பர் கப்ல, அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி.யை 2-1னு தோற்கடிச்சாங்க. அரையிறுதியில கோவாகிட்ட தோத்தது வேற விஷயம். சாம்பியனை சாம்பியன் ஜெயிச்சாச்சு, ப்ரமோஷன் கிடையாது. உங்கள்ல எத்தனை பேருக்கு இந்த அப்ரைசல் பழக்கம்?

அடுத்தது ஆளுங்க போறாங்க. வான்ஸ்பால் அதே வருஷம் சென்னையின் எஃப்.சி.க்கு. கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போன விஷயத்துல ஒப்பந்தத் தகராறு வந்து, சம்மேளனம் அவரை சில மாசம் ஆடத் தடை பண்ணுச்சு. மான்சி 2020 ஜனவரியில ஜப்பானோட அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு. ஃபுட்பால் கிளப் பேலன்ஸ் ஷீட்ல ஒரு வேடிக்கை உண்டு. காசு கொடுத்து வாங்கின வீரரை சொத்தா காட்டி, ஒப்பந்தக் காலத்துக்குப் பிரிச்சுக் கழிச்சுக்கிட்டே வரலாம். சொந்தமா வளர்த்த பையன் எவ்வளவு பெரிய ஆளானாலும் புத்தகத்துல மதிப்பு பூஜ்யம்தான். ஆனா ஒப்பந்தம் முடிஞ்சா ரெண்டு பேரும் கதவைத் திறந்துக்கிட்டு நடந்து போயிடுவாங்க. ராஜபாளையத்துல மில் முதலாளிக்கு ஸ்பின்டிலாவது மிஞ்சும். இங்க என்ன மிஞ்சும், கோல் போஸ்ட்டா? அதுவும் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தோடது.

2020 ஜனவரியில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. ஐ-லீக் சாம்பியனுக்குக் கிடைச்ச மரியாதை அது. பஹ்ரைனோட ரிஃபா கிளப்போட ஆடணும், "ஹோம்" மேட்ச் வேற. ஆனா ஆடின இடம் அகமதாபாத். வீட்டு விசேஷத்துக்கு ஊரை விட்டு ஊர் மண்டபம் பிடிச்ச கதை. 0-1னு தோல்வி. மார்ச்ல கொரோனா, சீசன் பாதியில நின்னுச்சு. 2020-21 ஐ-லீக் முழுசும் கொல்கத்தா, கல்யாணியில பூட்டின கதவுக்குள்ள நடந்தது. டிக்கெட் காசும் போச்சு. சென்னை சிட்டி பின்வரிசையில முடிச்சது. பாசல்லேயே, ரசிகர்கள் இந்த இந்திய முதலீட்டைக் கேள்வி கேட்டுக்கிட்டிருந்தாங்க; 2021-ல அந்தக் கிளப்போட கட்டுப்பாடே பர்கனர்கிட்ட இருந்து டேவிட் டேகனுக்குக் கைமாறிருச்சு. அதே வருஷம் கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளை நிறைவேத்தலைன்னு சென்னை சிட்டிக்கு ஐ-லீக் இடம் போச்சு. லைசென்ஸுக்கு அஞ்சு பிரிவு: விளையாட்டு, மைதானம், ஆட்கள், சட்டம், நிதி. கோல் எண்ணிக்கை இதுல ஒண்ணுலயும் வராது.

சின்ன லீக் டீம்னாலே உலகம் பூரா இதே நிலைமைதான், நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல டான்பரின்னு ஒரு சின்ன ஊர். ஐஸ் ஹாக்கி டீம், பேரு டான்பரி டிராஷர்ஸ். குப்பை அள்ளுற கம்பெனி முதலாளி ஜேம்ஸ் கலன்டே 2004-ல ஆரம்பிச்சு, 17 வயசு மகன்கிட்ட நடத்தக் கொடுத்தார். அந்த லீக்ல ஒரு டீம் மொத்தமா இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம்னு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட, வீரர்களுக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்கும் தன்னோட குப்பைக் கம்பெனிகள்ல வேலை பார்க்காத வேலை போட்டுக் கொடுத்தார்னு வழக்கு. ஆடிட்டரா நான் கேட்பேன், அந்த மஸ்டர் ரோல்ல கையெழுத்துப் போட்டது யாருன்னு! 2006-ல முதலாளி கைதானதும் டீம் முடிஞ்சது. ரெண்டே சீசன். தப்பான வழி, சரியான வழிங்கிறதை ஒதுக்கி வச்சுப் பார்த்தா, ஒரே பாக்கெட்டை நம்பின டீமுக்கு அந்தப் பாக்கெட்தான் ஆயுசு. நெட்ஃபிளிக்ஸ்ல 2021-ல வந்த டாகுமென்டரி இருக்கு, பாருங்க.

இப்ப என் தம்பி கதைக்கு வர்றேன். அவனோட அனுமதியோட எழுதறேன். கம்பெனி பேர் வேண்டாம்.

கைக்கு மாசம் 68,000. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அப்பா அம்மாவுக்கு வீடு கட்ட லோன், இ.எம்.ஐ. 27,000. அவன் கம்பெனிக்கு ஒரு விருது கிடைச்சது, வெளிநாட்டு முதலீட்டாளர் வந்தார், இவனுக்கு இசாப் கொடுத்தாங்க. "அண்ணே, நம்மளும் ஓனர்"னு சொன்னான். மொத்த வருமானத்துல முக்கால்வாசிக்கு மேல ஒரே கிளையன்ட்கிட்ட இருந்து வருதுன்னு அவனுக்கே தெரியும், ஆனா அது அவனுக்குப் பெருமையா இருந்தது. "பெரிய கிளையன்ட்ணே." அந்த கிளையன்ட் போன வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. முதல்ல சம்பளம் அஞ்சு நாள் லேட், அப்புறம் இருபது நாள், அப்புறம் பாதிச் சம்பளம். அப்பவும் டவுன் ஹால் மீட்டிங்ல விருதோட போட்டோதான் முதல் ஸ்லைடு.

நான் அவன்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "பி.எஃப். பாஸ்புக் பார்த்தியாடா?" பே ஸ்லிப்ல மாசாமாசம் 12 சதவீதம் பிடிச்சிருக்காங்க. பாஸ்புக்ல நாலு மாசமா ஒண்ணும் வரலை. சட்டப்படி ஒரு மாசப் பிடித்தத்தை அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கட்டணும். டி.டி.எஸ். அடுத்த மாசம் 7-க்குள்ள, மார்ச் மாசத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. திணறுற கம்பெனி பல நேரம் முதல்ல கை வைக்கிற இடம் இதுதான். ஏன்னா சம்பளம் வரலைன்னா நீங்க அன்னைக்கே கேட்பீங்க, பி.எஃப். கட்டலைன்னா ஒரு வருஷம் கழிச்சுதான் கேட்பீங்க. சம்பளம் நிக்கிறதுக்கு மாசக்கணக்குக்கு முன்னாடியே சொல்ற எச்சரிக்கை மணி உங்க போன்லயே உமாங் ஆப்ல இருக்கு, பலரும் திறக்கிறதில்லை.

டி.டி.எஸ். விஷயத்துல ஒரு ஆறுதல் உண்டு. உங்ககிட்ட பிடிச்சுட்டாங்க, ஆனா கட்டலைன்னா, பிடிச்ச அளவுக்கு அந்த வரியை உங்ககிட்ட திரும்ப வசூலிக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. ஆனா 26ஏ.எஸ்.ல வராததால நோட்டீஸ் வரத்தான் செய்யும். பே ஸ்லிப்பும் சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட்டும் உங்க சொந்த மெயில்ல இருக்கட்டும். ஆபீஸ் மெயில்ல வச்சிருந்து, வேலை போன அன்னைக்கே லாகின் போய் நின்னவங்களைப் பார்த்திருக்கேன். இசாப்? எக்ஸர்சைஸ் பண்ற அன்னைக்கே, ஷேரோட மதிப்புக்கும் நீங்க கட்டின விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானம். தகுதியுள்ள ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு மட்டும் வரியைத் தள்ளிக் கட்ட வழி உண்டு. வாங்க ஆள் இல்லாத ஷேருக்குக் காசா வரி. தம்பி நல்லவேளை எக்ஸர்சைஸ் பண்ணலை.

அவனுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் ஒண்ணேகால் மாசத்துக்குத்தான் இருந்தது. இ.எம்.ஐ.க்காக அவன் வீட்டுக்காரி வளையல் அடகுக்குப் போச்சு. அஞ்சு மாசம் கழிச்சுதான் அடுத்த வேலை. மூணு மாசச் செலவு போதும்னு நான் முன்னாடி வீடியோவுல சொல்லியிருக்கேன். அதை மாத்திக்கிறேன். உங்க கம்பெனி ஒரே கிளையன்ட், ஒரே முதலாளி, ஒரே முதலீட்டாளரை நம்பி ஓடுதுன்னா, இ.எம்.ஐ. சேர்த்து ஆறு மாசம் வைங்க. கம்பெனி திவாலாகி லிக்விடேஷனுக்குப் போனா, ஊழியர்களோட கடைசி 12 மாசச் சம்பள பாக்கிக்கு வரிசையில ஒரு இடம் உண்டு. ஆனா வொர்க்மென்னுக்கும் செக்யூர்டு கடன்காரங்களுக்கும் பின்னாடி, அதுவும் விக்க ஏதாவது சொத்து இருந்தாத்தான்.

"அப்ப பெரிய கம்பெனிக்குப் போயிட்டா பிரச்சனை இல்லைதானே"ன்னு கேட்கறவங்களுக்கு ஐ.எஸ்.எல்.லயே பதில் இருக்கு. அந்த 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர்ல முடிய வேண்டியது. புதுப்பிக்கிறது இழுத்துக்கிட்டே போக, ஜூலையில அடுத்த சீசனையே நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையில்லாம நிறுத்தி வைக்கிறதா அறிவிச்சது. சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்திச்சு. அத்தனை பெரிய கிளப்புகளும் ஒரே ஒப்பந்தத்துக்குக் கீழ இருந்திருக்கு.

அந்த ரெண்டு பேரை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன் இல்லையா? ஐ-லீக்ல ஜெயிக்கிறவங்களுக்குக் கட்டணமில்லாம ஐ.எஸ்.எல். ப்ரமோஷன்னு 2019 அக்டோபர்ல ஒரு திட்டம் ஏத்துக்கிட்டாங்க, ஆனா 2022-23 சீசன்ல இருந்துதான் நடைமுறை. அந்த சீசன்ல ஜெயிச்சு, முதல் ஆளா மேல போனது பஞ்சாப் எஃப்.சி. அன்னைக்குக் கோயம்புத்தூர்ல 3-1னு தோத்துப் போன அதே மினர்வா பஞ்சாப்தான். இடையில ரவுண்ட்கிளாஸ்னு ஒரு நிறுவனம் முதல்ல பாதி, அப்புறம் முழுசுமா வாங்கி, அந்த நாலு வருஷச் செலவைத் தாங்கிச்சு.

தம்பி புது வேலைக்கு இன்டர்வியூ போனப்ப, "எங்களைக் கேட்க ஏதாவது இருக்கா?"ன்னு ஹெச்.ஆர். கேட்டிருக்காங்க. வழக்கமா வொர்க் ஃப்ரம் ஹோம் பத்திக் கேட்பான். இந்தத் தடவை, "உங்க பெரிய கிளையன்ட் மொத்த வருமானத்துல எத்தனை பர்சன்ட் மேடம்?"னு கேட்டிருக்கான். அவங்க கொஞ்சம் யோசிச்சுட்டு, விசாரிச்சுச் சொல்றேன்னு சொல்லி, மறுநாள் போன் பண்ணிச் சொன்னாங்களாம். 18. சேர்ந்துட்டான். இப்ப ஒவ்வொரு மாசமும் 20-ஆம் தேதி வாக்குல எனக்கு வாட்ஸ்அப்ல பி.எஃப். பாஸ்புக் ஸ்கிரீன்ஷாட் வருது, கூட ஒரு ஃபுட்பால் எமோஜி. வளையலைப் போன மாசம்தான் மீட்டாங்க.